சைக்கிள் ஸ்டாண்டில் சொன்ன விமர்சனங்கள்

தனியாகப் படம் பார்ப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. இருட்டில் எல்லோரும் தனிதான். விளக்கைப் போட்ட பிறகுதான் தொந்தரவு. முன் வரிசைக்காரர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே மனைவியிடம், "கடேசியில தங்கச்சியக் கொன்னுருக்க வேண்டாம்" என்பார். அந்த அம்மா, "கொல்லலேன்னா அவனுக்கு எப்பிடிக் கோவம் வரும்?" என்று திருப்பிக் கேட்பார். அப்படியே சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவார்கள். எனக்கு அதே படத்தைப் பற்றி அவர்கள் இருவரையும்விட நல்ல அபிப்பிராயம் இருக்கும். அதை யாரிடம் சொல்வது?

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் சிவகாசியில் குடியிருந்த வருஷங்களின் சமாச்சாரம். சொந்த ஊர் விருதுநகர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வேலை பார்க்கிற ஊருக்கே வந்துவிட்டேன். அக்கா கோயம்புத்தூரில். நாற்பதைத் தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. முதலில் அக்காவுக்கு முடியட்டும் என்றார்கள், பிறகு அப்பா படுத்துவிட்டார், பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை. ஜாதகத்தில் ஏதாவது தோஷம் இருந்திருந்தாலாவது ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கும். திருத்தங்கல் ரோட்டில் ஒரு மாடி அறையில் இருந்தேன். சாப்பாடு மெஸ்ஸில்.

வேலை ஆஃப்செட் பிரஸ்ஸில், கலர் பார்ப்பது. பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள்கள்தான் எங்களுக்கு முக்கியமான ஆர்டர். மெஷினிலிருந்து வரும் தாளை எடுத்து, கம்பெனிக்காரர் ஒப்புக்கொண்ட மாதிரித் தாளோடு பக்கத்தில் வைத்து, சிவப்பு தூக்கலாக இருக்கிறது, மஞ்சள் பத்தவில்லை என்று சொல்ல வேண்டும். ஆறு நாளும் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண் அவிந்துவிடுமா? மேட்னிக்குப் போய் உட்கார்ந்தால் அங்கேயும் அதே புத்திதான்.

நான் போகிற தியேட்டரின் சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவர் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவராக இருப்பார். தகரக் கூரை, ஒரு ஸ்டூல், கையில் டோக்கன் கட்டு. ஒரு நாள் என் வண்டியை எடுக்கும்போது சும்மா ஒரு பேச்சுக்கு, "படம் எப்பிடி அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார். பாவம், அவருக்குத் தெரியாது. கூட்டம் கலைந்து, கேட்டைச் சாத்துகிற வரைக்கும் அவரை விடவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தத் தகரத்தின் கீழ் என் விமர்சனம் நடந்தது.

இதில் வேடிக்கை, அந்த மனிதர் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. வண்டிகளை யார் பார்ப்பது? ஸ்டாண்டுக்கும் தியேட்டருக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே கேட்டு, படம் ஓடுமா ஓடாதா என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

"ரெண்டாவது பாட்டுக்குப் பெறகு ஒரு விசில் சத்தம் உண்டுமா? ஊத்திக்கிச்சு அண்ணாச்சி" என்பார். நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னதை அவர் ஊத்திக்கிச்சு என்பார். நான் குப்பை என்றால், "எந்தப் படந்தான் ஒமக்குப் பிடிச்சிருக்கு?" என்பார். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை இருப்பது பெரிய சௌகரியம். பெரியவர், சின்னவர், கடைக்காரர், வாங்க வந்தவர் எல்லோருக்கும் அது பொருந்தும். பெயரே கேட்காமல் ஒரு மனிதரோடு வருஷக்கணக்கில் பழகிவிடலாம். நாங்கள் அப்படித்தான் பழகினோம்.

அங்கே பேசியதில் நாலு படம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதலில் ஒரு காதல் படம். அந்த வருஷம் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் அதைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. நாயகனுக்கும் வேலை இல்லை, நாயகிக்கும் வேலை இல்லை, இரண்டு பேருக்கும் பசிக்கவும் இல்லை. மழையில் நனைந்துகொண்டே அவள் அழுகிறாள், கண் மை கரையவில்லை. பனிமலையில் சிவப்புச் சேலை கட்டி ஆடினாள். அந்தச் சிவப்பை மட்டும் பாராட்ட வேண்டும். அந்த மாதிரி ஒரு சிவப்பு வேண்டும் என்று மத்தாப்பு லேபிளுக்காக ஒரு வாரம் மெஷினோடு மல்லுக்கட்டியும் எனக்கு வரவில்லை. இதையெல்லாம் ஸ்டாண்டில் சொன்னேன்.

"நீங்க சேலையப் பாத்தீகளாக்கும்" என்று சிரித்தார். "பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் மூக்கச் சிந்திக்கிட்டே வாராக. அழுதா ஓடும், எழுதி வச்சுக்கிடுங்க." ஓடியது. தீபாவளிப் படம் வந்த பிறகுதான் அதைத் தூக்கினார்கள்.

அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்தப் படத்தில் ஒரே ஒரு இடத்தில் நானும் மூக்கைச் சிந்தினேன். நாயகன் பஸ்ஸை விட்டு இறங்குவான், நிறுத்தத்தில் அவள் நிற்பாள். அவன் வருவது அவளுக்கு எப்படித் தெரியும் என்று படத்தில் சொல்லவே இல்லை, அது பெரிய ஓட்டை. ஆனால் நான் எந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கினாலும் யாரும் நின்றதில்லை என்று அப்போது தோன்றிவிட்டது. இடைவேளையில் முட்டை பப்ஸ் வாங்கித் தின்றதும் சரியாகப் போயிற்று.

அடுத்து ஒரு அரிவாள் படம். அந்த வருஷங்களில் நாலு படத்துக்கு ஒன்று இப்படித்தான் வரும். கதை எங்கள் ஜில்லாவில் நடப்பதாகப் போட்டிருந்தான். வெள்ளை வேட்டியில் ஐம்பது பேர் காலையிலிருந்து ராத்திரி வரை சும்மாவே நிற்கிறார்கள், யாராவது பார்த்துவிட்டால் வெட்டப் போகிறார்கள். எங்கள் ஊரில் வேலை இல்லாமல் நிற்கிற ஐம்பது பேரை எங்கே பிடித்தார்கள் என்றுதான் எனக்கு ஆச்சரியம். சீசன் நேரத்தில் நாக்பூர், இந்தூர் என்று லோடு ஏற்றவே இங்கே ஆள் கிடைக்காது. "ஏலே" என்று கதாநாயகன் வாயைத் திறந்ததும் தியேட்டரே சிரித்தது. அவனுக்கு அது கூப்பிடுகிற வார்த்தை என்றே தெரியவில்லை, ஏதோ இருமல் வந்த மாதிரி சொன்னான்.

கடைசியில் வில்லனின் பட்டாசுக் கம்பெனி வெடித்துச் சிதறுகிறது. ஆரஞ்சு நிறத்தில் தீ உருண்டை உருண்டையாக மேலே போகிறது. பின் வரிசையில் பட்டாசு வேலைக்குப் போகிற ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆட்கள் யாரோ, "பெட்ரோல ஊத்திக் கொளுத்துதான்யா" என்றார்கள். மறுபடி சிரிப்பு. பொய் என்று தெரிந்ததால் அத்தனை பேருக்கும் நிம்மதி. எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். ஸ்டாண்டில் அண்ணாச்சி, "சண்டைப் படத்துக்குப் போயி எல்லாரும் சிரிச்சுட்டு வாரீக, இது ஓடாது" என்றார். அதுவும் ஓடியது. அவர் கணக்கு தப்பும்போது எனக்கு வருகிற சந்தோஷத்துக்கு அளவே கிடையாது.

பிறகு ஒரு விருது வாங்கிய படம். எப்படியோ தவறி எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. தியேட்டரில் இருந்தவர்களை, ஆபரேட்டரைச் சேர்த்து எண்ணினாலும் ஒரு கை விரல் போதும். தனியாக இருக்கிற ஒரு மனிதனின் கதை. பாட்டு இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. அவன் தினமும் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறான். பார்க்கிறான், பார்க்கிறான், கேமராவும் கூடவே பார்க்கிறது. எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. தனியாக இருப்பது பற்றி இந்த டைரக்டருக்கு என்ன தெரியும்? தனியாக இருக்கிறவன் கடலைப் பார்ப்பதில்லை. மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரர் குழம்பு கேட்டால் தானும் சேர்ந்து கேட்பான், ஒரு பேச்சுத் துணை போல இருக்குமே என்று. அறைக்கு வந்தால் கொடியில் காய்கிற துணி போட்டது போட்டபடி இருக்கும். காய்ச்சல் வந்தால் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்து, சுடுகிறதா இல்லையா என்று தெரியாமல் முழிப்பான். இதில் எதையாவது காட்டினானா அவன்? ஆனால் ஒளிப்பதிவு சுத்தம். ஒரு வண்ணம் கூடவில்லை, ஒன்று குறையவில்லை. குறை சொல்ல இடமில்லாதது அதைவிட எரிச்சல்.

அன்று ஸ்டாண்டில் என் வண்டியோடு சேர்த்து இரண்டே வண்டி. "உள்ள ஆள் இருக்கோ இல்லியோன்னு எட்டிப் பாக்கலாமான்னு இருந்துச்சு. ஒரு சத்தமும் இல்ல" என்றார். கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தாளுக்குக் கூடப் பேச யாருமே இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அவன் வண்டிய எங்கன விட்டுட்டுப் போவான்?" என்று கேட்டார். இந்த ஆளிடம் கலைப் படத்தைப் பற்றிப் பேசியது என் தப்பு என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாலாவது படம்தான் என்னை உலுக்கியது. படம் என்னவோ வெறும் டப்பிங் குப்பை. வானத்திலிருந்து ஒரு பாறை வந்து பூமியில் விழப்போகிறது, அதற்குள் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் தூத்துக்குடித் தமிழில் பேசி முடிக்க வேண்டும். தியேட்டரில் அப்போதுதான் டிடிஎஸ் ஒலி பொருத்தியிருந்தார்கள். அது தீபாவளிக்கு முந்தின சீசன். எங்கள் பிரஸ்ஸுக்கு வழக்கம் போல ஞாயிறு விடுமுறை. பட்டாசுக் கம்பெனிகளில் ஞாயிறும் வேலை நடந்துகொண்டிருந்தது. தியேட்டரில் பெண்களும் பிள்ளைகளும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற ஆட்களும் என்று நல்ல கூட்டம்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் திரையில் இருட்டு. யாரோ ஒருவன் மெதுவாகப் படி இறங்குகிறான். திடீரென்று ஒரு சத்தம். திரையில் ஒன்றுமே தெரியாமல் சத்தம் மட்டும். நாற்காலி அதிர்ந்தது, நெஞ்சுக்குள் இடித்தது.

எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுக்கொண்டே வெளியே ஓடி, வானத்தில் புகை எந்தத் திசையில் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். அந்தத் திசையில் தன் வீட்டு ஆள் வேலை செய்கிற கம்பெனி இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. அன்றும் "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று தியேட்டர் முழுக்க ஒரே குரல். அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் காலை மிதித்துத் தாண்டிப் போனாள். படம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் எழவில்லை. அது படத்தின் சத்தம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். எனக்கும் தெரியவில்லை. ஆனால் எழுந்து எந்தப் பக்கம் ஓடுவது? புகை எந்தத் திசையில் இருந்தாலும் அந்தத் திசையில் எனக்கு ஆள் இல்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வெள்ளைக்காரன் படி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் நிஜமாகவே சத்தம் கேட்டு, அங்கே நான் இருந்தால், எனக்காக யார் ஒரு நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள்? அக்காவுக்குச் செய்தி போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். அந்த இருட்டில் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அவ்வளவு பயத்தை எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை.

வெளியே வானம் சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் திரும்பி வந்தார்கள். சிலர் ஆபரேட்டரைத் திட்டினார்கள், சிலர் வெட்கத்தில் சிரித்தார்கள். படம் விட்ட பிறகு ஸ்டாண்டுக்காரர், "அம்புட்டுப் பேரும் ஓடியாந்தாக, ஒம்மள மட்டும் காணல" என்றார்.

"எனக்கு யார் இருக்கா அண்ணாச்சி, ஓடியாந்து பாக்குறதுக்கு?" என்றேன். அவர் டோக்கனை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்குப் படம் எப்படி என்று கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் புது லேபிளின் மாதிரித் தாளை வியாழக்கிழமை கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். வெயிலில் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய், சிவப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒருவரிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று. வியாழக்கிழமை காலையில் கிளம்பியிருக்க வேண்டியவன். மஞ்சள் ஏறியிருக்கிறது என்று நானே முரண்டு பிடித்து மறுபடி ஓட்டச் சொன்னதில் நேரமாகிவிட்டது.

பஸ் பாதி வழியில் போகும்போது சத்தம் கேட்டது. இந்த முறை டிரைவரே வண்டியை நிறுத்திவிட்டார். காட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளையும் கறுப்புமாகப் புகை. நான் போகவேண்டிய கம்பெனி இல்லை, அதற்கு அடுத்தது. ஆனால் அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பஸ்ஸில் இருந்த பெண்கள் இறங்கி வெறுங்காலோடு ஓடினார்கள். அதைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதமாட்டேன். அன்று பலர் வீடு திரும்பவில்லை. அவர்களுடைய நாளை என் கதைக்குள் கொண்டுவருவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ரோட்டை அடைத்துவிட்டார்கள். நடந்தும், லோடு வேனில் ஏறியும் ஊர் வந்து சேர பொழுது சாய்ந்துவிட்டது. என்னிடம் செல்போன் கிடையாது. யார் கூப்பிடப் போகிறார்கள் என்று வாங்கவில்லை. பிரஸ்ஸில் நுழைந்ததும் முதலாளி, "என்ன, கலர் ஓகே ஆயிருச்சா?" என்றார். எந்தக் கம்பெனி என்பது அவருக்கு மறந்திருக்க வேண்டும். அறைக்குத் திரும்பினால் வீட்டுச் சொந்தக்காரம்மா மாடிப்படியில் நின்று, "மோட்டார் போட்டிருக்கேன், தண்ணி பிடிச்சுக்கிடுங்க" என்றார். இரண்டு பேர் மேலும் தப்பு இல்லை. குடத்தை நிரப்பி வைத்துவிட்டு அறையில் உட்கார்ந்தேன். யாரிடமாவது, நான் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன், கொஞ்சத்தில் தப்பித்தேன் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. கால் தியேட்டருக்குக் கொண்டுபோய் விட்டது.

முதல் ஆட்டம் தொடங்கியிருந்தது. ஸ்டூலில் அவர் இல்லை. டிக்கெட் கிழிக்கிறவர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

"மத்தியானம் போட்டது போட்டபடி போனவரு. சொந்தக்காரரு யாரோ அந்தக் கம்பெனியில மாட்டிக்கிட்டாராம். மொதலாளி வந்து சத்தம் போட்டுட்டுப் போறாரு" என்றார்.

எனக்குத் திக்கென்றது. வருஷக்கணக்கில் என் விமர்சனத்தையே பேசியிருக்கிறேன், அவருக்கு யார் யார் உண்டு, எங்கே வேலை செய்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டிக்கெட் கிழிக்கிறவரை உள்ளே போகச் சொல்லிவிட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தாமதமாக வந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் படம் ஓடுவது கேட்டது. ஒரு பாட்டு, ஒரு பெண்ணின் அழுகை, கூட்டத்தின் சிரிப்பு. படத்தைவிட இது நன்றாகத்தான் இருக்கிறது என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் ஸ்டாண்டு அண்ணாச்சி ரோட்டைத் தாண்டி நடந்து வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. தகரத்துக்குக் கீழே யார் உட்கார்ந்திருப்பது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏலே, எங்கலே போன?"

அண்ணாச்சி இல்லை, மரியாதை இல்லை. ரோட்டில் போகிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். என்னை யாரும் அப்படித் திட்டி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நான் எழுந்து நின்று, பஸ் பாதியில் நின்றதைச் சொன்னேன். உங்கள் சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"எந்தச் சொந்தக்காரன்? ஒன்னயத்தான் தேடிக்கிட்டுத் திரியிதேன். கம்பெனி வாசல்ல விடமாட்டேன்னுட்டான். பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஆளு பேரு என்னன்னான். எனக்கு என்ன எழவு தெரியும்?" மூச்சு வாங்கிக்கொண்டார். "கண்ணாடி போட்டிருப்பாரு, வெரல்ல மை இருக்கும், தனியாப் படம் பாக்க வருவாரு, எந்தப் படமும் அவருக்குப் பிடிக்காதுன்னேன். அப்பிடி ஆளு யாரும் வரலைன்னான். பெறகும் ஒவ்வொரு கட்டிலாப் பாத்துட்டுத்தான் வாரேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்துவிட்டது. ஸ்டூலைக் காலி செய்து கொடுத்தேன். உட்கார்ந்தார். எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கி வந்து கொடுத்தேன். பாதி குடித்த பிறகுதான் பழைய குரல் வந்தது.

"பேரச் சொல்லித் தொலைங்க அண்ணாச்சி. இன்னொரு தடவ இப்பிடி அலைய முடியாது."

சொன்னேன். அவரும் அவர் பெயரைச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்னி விட்டு வண்டி எடுக்கப் போனபோது, வழக்கம் போல, "படம் எப்பிடி அண்ணாச்சி?" என்றுதான் கேட்டார். நல்லா இல்லை என்று ஆரம்பித்தேன்.